வெங்காயத்தின் டிஎன்ஏ ஏன் இத்தனை நீளம்?

“சின்ன வெங்காயத்துக்கு மனுசனை விட டிஎன்ஏ அதிகம்ங்கறாங்களே, நெசங்களா?” என்று பொங்கலூரிலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்.

நெசந்தாங்க. நம் மரபுத்தொகுதி, அதாவது டிஎன்ஏவின் ஒரு முழுத் தொகுப்பு, சுமார் 310 கோடி எழுத்து (டிஎன்ஏவில் வரிசையாக நிற்கும் வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்). வெங்காயத்துக்கு ஏறக்குறைய 1,600 கோடி. நெல்லுக்கு 40 கோடிதான். ஆனால் புரதம் செய்யும் மரபணுக்கள் மூன்றிலும் சில பத்தாயிரங்களே. வெங்காயத்தில் மீதி பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள். மக்காச்சோளத்திலும் சுமார் 85 சதவீதம் அப்படித்தான். இடம் மாறும் டிஎன்ஏ உண்டு என்று அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் 1940களில் கண்டதும் மக்காச்சோளத்தில்தான். நோபல் கிடைத்தது 1983இல்.

அவர் கண்டவை வெட்டிக்கொண்டு தாவும் ரகம். மரபுத்தொகுதியை ஊதிப் பெருக்கியவை ரெட்ரோடிரான்ஸ்போசான்கள். இவை ஆர்என்ஏ என்ற தற்காலிக நகலாகப் படியெடுக்கப்பட்டு, அந்தப் படி மறுபடி டிஎன்ஏவாகி வேறு இடத்தில் செருகிக்கொள்ளும். பழையது அசையாது. ஒன்று இரண்டாகிவிடும்.

எனக்கு இதில் பிடித்தது அடுத்த கட்டம். இவற்றின் இரு முனையிலும் ஒரே வாசகம் இருக்கும். ஆனால் ஆர்என்ஏ படியில் எந்த முனையும் முழுசாக இருக்காது: தொடக்கத்தில் முன்பகுதி குறையும், கடைசியில் பின்பகுதி குறையும். இரண்டிலும் பொதுவாக ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்டு. டிஎன்ஏ எழுதும் நொதி தொடக்கப் பக்கம் கொஞ்சம் எழுதி, பார்த்து எழுத ஆர்என்ஏ தீர்ந்ததும், எழுதியதோடு மறுகோடிக்குத் தாவும். பொதுத் துண்டுதான் அங்கே பிடிமானம். அப்புறம் இன்னொரு தாவல். முடிவில் இரு முனையும் முழுசாக, ஒன்றுபோலவே இருக்கும்.

தறியிலிருந்து இறங்கிய துண்டின் இரு கரையும் ஒரே நிறம். துவைக்கத் துவைக்க ஒவ்வொன்றும் தன் போக்கில் வெளுக்கும். அதுபோல, செருகிய பிறகு இரு முனையும் தனித்தனியே எழுத்து மாறும். நூற்றுக்கு ஒன்று வித்தியாசம் என்றால், நெல்லில் கணித்த வேகப்படி செருகி ஏறக்குறைய 4 லட்சம் ஆண்டு. இப்படி எண்ணித்தான் மக்காச்சோளத்தின் டிஎன்ஏ கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் இரட்டிப்பானது என்று 1998இல் சொன்னார்கள்.

“சரி, இதனால் ஏக்கருக்கு எத்தனை மூட்டை கூடும்?” என்று எடுத்தவுடன் கேட்டுத்தான் இங்கே ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. விளைச்சலோடு சம்பந்தமில்லாததுபோலத் தெரியும் இந்த டிஎன்ஏவே பயிரை மாற்றியிருக்கிறது. மக்காச்சோளத்தின் காட்டு மூதாதை டியோசின்டே, புதர்போலக் கிளைக்கும் புல். கிளையை அடக்கும் மரபணு ஒன்றின் அருகே ஹாப்ஸ்காட்ச் என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் செருகியதில் அந்த மரபணு வேகம் பிடித்தது. மனிதர் பயிரிடத் தொடங்கும் முன்பே நடந்த செருகல் அது. பிறகு அதைத் தாங்கிய செடிகளையே தேர்ந்து விதைத்தார்கள். கோழித்தீவனத்துக்காக உடுமலை, பல்லடம் பக்கம் விதைக்கும் மக்காச்சோளம் ஒற்றைத் தட்டாக நெருக்கி நிற்பதில் அதற்கும் பங்கு உண்டு.