சேஃப்டி வால்வு திறந்தால் வாயு எங்கே போகும்? எண்ணெய்க் களத் தொழிலாளர் கேட்க வேண்டிய கேள்வி

கிணற்றிலிருந்து கச்சா எண்ணெய் தனியாக வருவதில்லை. வாயு, தண்ணீர், மணல் எல்லாம் கலந்தே வரும். அவற்றைப் பிரித்தெடுக்கும் இடத்தைக் களத்தில் ஜி.ஜி.எஸ். (குரூப் கேதரிங் ஸ்டேஷன்) என்பார்கள். காவிரிப் படுகையில் நரிமணம், குத்தாலம் பகுதிகளில் அத்தகைய நிலையங்கள் உண்டு. அங்கே அழுத்தம் தாங்கி நிற்கும் ஒவ்வொரு செபரேட்டரின், அதாவது பிரிக்கும் கலனின், தலையிலும் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். அழுத்தம் எல்லை மீறினால் அது தானாகத் திறந்து கலனைக் காப்பாற்றும். கலன் தப்பிவிடும். ஆனால் வெளியேறிய வாயு யார் முகத்தில் போய் அடிக்கிறது?

முதலில் சட்டம். எண்ணெய்க் கிணறும் அதைச் சார்ந்த கச்சா எண்ணெய் பதப்படுத்தும் நிலையமும், களத்துக்குள் எண்ணெய் கொண்டுசெல்லும் குழாயும் சட்டத்தின் பார்வையில் 'சுரங்கம்'. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமே அப்படித்தான் வரையறுத்தது. அதனால் இந்த நிலையங்களைக் கண்காணிப்பது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். இதற்கென்றே எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகள் 2017 இருக்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் சுரங்கச் சட்டத்தின் இடத்தைத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2020 எடுத்துக்கொண்டது. புதிய சட்டத்துக்கு முரண்படாத பழைய ஒழுங்குமுறைகள் தொடர்கின்றன.

வடிவமைப்பின் நுணுக்கங்களுக்குப் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இயங்கும் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தரநிலை 106ஐப் பார்க்க வேண்டும். அழுத்தத் தணிப்பும் அப்படி வெளியேறுவதை அப்புறப்படுத்துவதும் பற்றியது அது. வால்வும் அதன் வெளியேற்றமும் ஒரே தரநிலைக்குள் வருகின்றன. நடைமுறையில்தான் இரண்டும் பிரிந்துபோகின்றன. வால்வுக்குச் சான்றிதழ் தேடுகிறோம், அதிலிருந்து வாயு வெளியேறும் வால்குழாயை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

வெளியேறுவதை எங்கே அனுப்பலாம்? திரவமாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை, அது மூடிய அமைப்புக்குள்தான் போக வேண்டும். வாயுவாக இருந்தால், அது காற்றைவிட இலேசானதா, நச்சில்லாததா, திரவத்துளி கலக்காததா என்று பார்க்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்து, ஆள் நடமாட்டத்துக்கு எட்டாத உயரத்தில், காற்றோடு விரைவாகக் கலந்துவிடும் வேகத்தில் மேல்நோக்கி வெளியேறினால் மட்டுமே வானத்தில் விடுவதைப் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் ஃபிளேருக்கு, அதாவது வாயுவை எரித்துவிடும் உயரமான குழாய்க்குப் போக வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு கலந்த வாயு என்றால் இன்னும் கவனம் தேவை. அந்த நச்சு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். 100 பி.பி.எம்., அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு என்ற அளவே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கிடப்படுகிறது.

ஃபிளேருக்கு அனுப்பினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ அழுத்தத்தில் திறக்கும்படி அமைத்த சாதாரண ஸ்பிரிங் வால்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாயு பாயும்போது வெளியேற்றக் குழாயில் உருவாகும் எதிரழுத்தம் அதில் 10 சதவீதத்தை, அதாவது 5 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. தாண்டினால் வால்வு முழுதாகத் திறக்காது, படபடவென்று அடித்துக்கொள்ளும், வெளியேற்ற வேண்டிய அளவு வெளியேறாது. உள்ளே வரும் பக்கத்திலும் அழுத்த இழப்பு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நிலையம் விரிவடையும்போது பழைய ஃபிளேர் குழாயிலேயே புதிய கலன்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். மின்சாரம் நின்றோ தீப்பிடித்தோ பல வால்வுகள் ஒரே நேரத்தில் திறந்தால் அந்தக் குழாய் தாங்குமா என்ற கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். என் அனுபவத்தில் அதிகம் தவறவிடப்படும் கணக்கு இதுதான்.

ஃபிளேருக்கு முன்னால் திரவத்தைப் பிடித்துவைக்கும் டிரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எரியும் எண்ணெய் மழையாகக் கீழே விழும். அந்த டிரம்முக்குப் போகும் குழாய் நடுவில் தொய்யாமல் சரிவாக இறங்க வேண்டும்.

நான் பார்த்த ஒரு வால்குழாயைச் சொல்கிறேன். வானம் பார்த்து நிமிர்ந்து நின்றது, உயரமும் போதுமானது. அதன் அடிவளைவில் மழைநீர் வடிய விரல்நுனி அளவுக்கு ஒரு துளை வேண்டும், இருந்தது. ஆனால் மூன்று பூச்சுப் பெயின்ட் அதை அடைத்திருந்தது. கம்பியால் குத்தியதும் துருநிறத் தண்ணீர் நெடுநேரம் ஒழுகியது. வால்வின் முதுகில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தேங்கிய நீர் அது. பெயின்ட் அடித்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் துளை எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெளியேறும் இடத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சாட்சி. அது எண்ணெய்க் களமல்ல, சுத்திகரிப்பு ஆலை. ஆனால் பாடம் ஒன்றுதான். 2005 மார்ச் 23 அன்று அங்கே ஒரு பிரிகோபுரம் நிரம்பி வழிந்து சேஃப்டி வால்வுகள் திறந்தன. அவை திறக்க வேண்டியபடியே திறந்தன. ஆனால் அவற்றின் குழாய் போய்ச் சேர்ந்த இடம் ஃபிளேர் அல்ல, வானத்தைப் பார்த்துத் திறந்திருந்த ஒரு பழைய புகைபோக்கி. அதன் வாயிலிருந்து எரியும் தன்மையுள்ள திரவம் ஊற்றாகப் பொங்கி விழுந்து, ஆவியாகிப் பரவி வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். இறந்த 15 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அருகில் நிறுத்தியிருந்த தற்காலிக அலுவலக வண்டிகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். ஒரு வண்டி அந்தப் புகைபோக்கி அமைப்பிலிருந்து சுமார் 120 அடி தூரத்தில்தான் நின்றது.

ஆகவே ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள்தான் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. உங்கள் பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், நிர்வாகத்திடம் நேரடியாகவோ பாதுகாப்புக் குழு உறுப்பினர் வழியாகவோ தெரிவிக்கலாம். அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். ஆபத்து இருப்பதை ஏற்றால் நிர்வாகம் உடனே சரிசெய்ய வேண்டும். ஏற்காவிட்டாலும் விஷயத்தை ஆய்வாளரிடம் உடனே அனுப்பியாக வேண்டும், அவர் முடிவே இறுதி. 'ஆபத்து ஒன்றும் இல்லை' என்று மேலாளர் வாயால் சொல்லிவிட்டால் மட்டும் விஷயம் முடிந்துவிடாது.

வேலிக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. நிலையம் பொதுத்துறை நிறுவனத்துடையது என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி அந்த நிறுவனத்திடமும், எந்த நிறுவனமானாலும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்திடமும் ஆய்வு அறிக்கைகளைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

புகார் எழுதும்போது 'பாதுகாப்பு சரியில்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். வால்வில் தொங்கும் தகட்டில் உள்ள எண், கடைசியாகச் சோதித்த தேதி, வால்குழாயின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது, அதிலிருந்து ஏணியோ நடைபாதையோ ஓய்வுக் கொட்டகையோ எத்தனை அடி என்பதைக் குறிப்பிடுங்கள். தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.