பாயை அழுத்துங்கள், காலை மறந்துவிடுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் என் மாலை யோகா வகுப்புக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். நாள் முழுவதும் மடியில் தட்டை வைத்துக் குனிந்திருந்த முதுகோடு வந்து பாயை விரிப்பார்கள். அவர்களில் ஓர் அக்காவுக்கு விருட்சாசனம் வரவே இல்லை. ஒரு காலைத் தூக்கி மறு தொடையில் வைத்த உடனே சாய்ந்துவிடுவார். நான் பயிற்சியில் கற்ற அத்தனையையும் சொன்னேன். கணுக்காலை உறுதியாக்குங்கள், முழங்காலை மேலே இழுங்கள், இடுப்பைச் சமமாக்குங்கள், வயிற்றை உள்ளே இழுங்கள். சொல்லச் சொல்ல ஆட்டம் கூடியது.

ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். இலையில் தூளைப் பரப்புவது, உருட்டுவது, முனையை மடக்குவது, நூலைச் சுற்றுவது எல்லாம் கண்ணின் துணை இல்லாமலே நடந்தன. பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சும் நிற்கவில்லை. "எந்த விரல் என்ன செய்கிறது என்று சொல்லிக்கொண்டே சுற்றுங்கள் அக்கா" என்றேன். கட்டைவிரல் பாதியில் நின்றது. இலை பிரிந்து தூள் மடியில் கொட்டியது. "நீங்கள் கேட்டதும் கைக்கு மறந்துவிட்டது டீச்சர்" என்றார்.

வகுப்பில் நான் அவர் கணுக்காலுக்குச் செய்துகொண்டிருந்ததும் இதைத்தான்.

ஒற்றைக் காலில் நிற்கும்போது உடலுக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. கண், உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு, பாதத்திலும் தசைகளிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்வு நரம்புகள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து, கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகளைத் தண்டுவடமும் மூளைத்தண்டும் சிறுமூளையும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கின்றன. யோசித்துப் பிறப்பிக்கும் கட்டளைக்கு அந்த வேகம் கிடையாது. "கணுக்காலை இறுக்கு" என்று மனம் உள்ளே புகுந்தால், மூட்டின் இருபுறத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகி, கால் கட்டைபோல் ஆகிவிடுகிறது. நுண்ணிய திருத்தங்களுக்கு இடமில்லை. ஆள் சாய்கிறார்.

1998-இல் காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. பனிச்சறுக்கு போன்ற அசைவைப் பழக்கும் கருவியில் சிலரை ஏற்றினார்கள். ஒரு குழுவிடம் கவனத்தைப் பாதங்களில் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் பாதங்களுக்குக் கீழே மேடையைத் தாங்கும் சக்கரங்களில் வைக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடைவெளி சில அங்குலம்தான். ஆனாலும் சக்கரத்தை நினைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். கவனம் உடலுக்கு வெளியே, அசைவின் விளைவில் இருக்கும்போது தானியங்கி வேலை தடையின்றி நடக்கிறது என்பது அவர்கள் பின்னர் தந்த விளக்கம். இத்துறையின் முடிவுகள் உண்மையைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிகின்றன என்று மறுப்பவர்களும் உண்டு. அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் திண்ணையில் பிரிந்த இலையை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் அக்காவிடம் இரண்டே சொன்னேன். "பாயை உள்ளங்காலால் தரையோடு அழுத்துங்கள். எதிர் ஜன்னலின் நடுக் கம்பியைப் பாருங்கள்." ஐந்து மூச்சு நின்றார். தலையில் தண்ணீர்க் குடம் இருப்பதாக நினைக்கச் சொன்னபோது, "முதுகை நிமிர்த்துங்கள்" என்று ஒரு மாதமாகச் சொல்லியும் நிமிராத முதுகு நிமிர்ந்தது. குடம் சுமந்த உடலுக்கு அந்தச் சொல்லில் முதுகெலும்பு, தோள், கழுத்து எல்லாம் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கின்றன. குடமே சுமக்காத கல்லூரி மாணவிக்கு அது வெறும் சொல். அவளுக்கு வேறு தேட வேண்டும்.

இரண்டே என்று நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. மனம் ஒரே நேரத்தில் கையில் பிடித்துவைக்கக்கூடிய செய்திகள் ஏறத்தாழ நான்கு என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் கணித்தார். ஒரு மூச்சில் எட்டுக் குறிப்பு சொல்லும் ஆசிரியர் தன் அறிவைக் காட்டலாம், மாணவரிடம் அது போய்ச் சேராது.

திருத்துவதிலும் அளவு வேண்டும். ஆசிரியர்களில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் உடனே திருத்தினால் வகுப்பில் ஆசனம் அழகாக அமையும். ஆனால் 1990-இல் வின்ஸ்டீன், ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் கை அசைவு ஒன்றைப் பழக்கி, ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும், மற்றதற்குப் பாதி முயற்சிகளுக்கு மட்டும் தவற்றைச் சொன்னார்கள். பிறகு எந்த உதவியும் இல்லாமல் சோதித்தபோது, பாதி கேட்டவர்களே முன்னால் நின்றார்கள். இடையிடையே திருத்தம் வராதபோது மாணவர் தன் உடலைத் தானே கேட்கப் பழகுகிறார். எப்போதும் வந்தால் ஆசிரியரின் குரலே ஊன்றுகோலாகிவிடுகிறது. வீட்டில் அந்தக் குரல் இருக்காது.

கையால் தள்ளித் திருத்துவதில் இன்னும் கவனம் தேவை. தசைக்குள் நீட்சியை அளக்கும் நூற்கும் கதிர் போன்ற வடிவமுள்ள உணரிகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, தசை எதிர்த்துச் சுருங்கும். கால் நீட்டி உட்கார்ந்து முன்னே குனியும் பச்சிமோத்தானாசனத்தில் முதுகை அழுத்தும் ஆசிரியர் அந்தச் சுருக்கத்தோடு மல்லுக்கட்டுகிறார். மெதுவாக, மூச்சை விடும்போது போனால் தசை இடம் கொடுக்கும். எங்கே நிற்பது என்பதை எலும்பும் தீர்மானிக்கிறது. இடுப்புக் குழியின் ஆழமும் தொடை எலும்பின் கோணமும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குப் பத்மாசனம் எளிதாக அமைவதும் இன்னொருவருக்கு அமையாததும் பயிற்சியால் மட்டும் வரும் வேறுபாடு இல்லை.

இவற்றை வைத்துப் பார்க்கும்போது, "எனக்கு ஏற்ற கற்பிக்கும் பாணி எது?" என்று புதிய ஆசிரியர்கள் கேட்பது பாதிக் கேள்வி. திருமலை கிருஷ்ணமாச்சார்யா என்ற ஒரே யோக குருவிடம் கற்ற மூவரை எடுத்துக்கொள்வோம். பி.கே.எஸ். அய்யங்கார் கட்டை, கயிறு, நாற்காலி என்று துணைப்பொருள்களோடு நுணுக்கமாகச் சொல்லிக் கொடுத்தார். பட்டாபி ஜோயிஸ் குறித்த வரிசையில் மூச்சோடு ஆசனங்களை ஓடவிட்டார். தேசிகாச்சார் ஒவ்வொருவருக்கும் ஏற்ப ஆசனத்தையே மாற்றினார். குருவும் மைசூர் அரண்மனையில் இளைஞர்களுக்குக் கற்பித்த விதத்திலிருந்து, சென்னையில் நோயாளிகளுக்குக் கற்பித்தபோது வெகுதூரம் நகர்ந்திருந்தார். எதிரே இருந்த உடல்கள் வேறு.

நம் பக்கத்துப் பத்தமடையை விட்டுவிட முடியாது. கோரைப் பாய்க்குப் பேர்போன அந்த ஊரில்தான் 1887-இல் சுவாமி சிவானந்தர் பிறந்தார். மலாயாவில் மருத்துவராக இருந்து, பின்பு ரிஷிகேசம் போனவர். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் பரப்பிய முறையில் ஆசனங்களுக்கு இடையே படுத்து ஓய்வெடுக்கும் வழக்கம் உண்டு. அந்த ஓய்வின்போது ஆசிரியரும் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அசைவைக் கற்கும்போது கவனம் வெளியே இருப்பது நல்லது. ஆனால் யோகத்தின் நோக்கம் உள்ளே திரும்புவது. ஆசனம் தானாக நிற்கத் தொடங்கிய பிறகே மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனிக்க மனம் காலியாகிறது. மூச்சை விடும்போது, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்கி இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது. வெளிமூச்சு நீண்டால் அந்த நேரமும் நீளும்.

சவாசனத்தில் அந்த அக்காவின் வலது கட்டைவிரலும் சுட்டுவிரலும் பாயின் மேல் மெல்ல உருட்டிக்கொண்டே இருக்கும், இலையும் தூளும் இல்லாமல். கையைத் தளர விடுங்கள் என்று நான் சொல்வதில்லை. நாலைந்து நீண்ட மூச்சுக்குப் பிறகு விரல்கள் தாமாக நின்றுவிடுகின்றன.