வனிலா பெர்ஃபியூம்: கொழும்பு வெக்கையில் இரண்டு தரம் போதும்

வனிலா பெர்ஃபியூம் வாங்க வருகிறவர்களில் அநேகர் காகிதத் துண்டில் அடித்து, இரண்டு தரம் மணந்து பார்த்துவிட்டுக் காசைக் கட்டிவிடுகிறார்கள். ஒரு வாரம் போக, “தலையிடிக்குது, ஒரே கேக் மணம்” என்று முறைப்பாடு வருகிறது. காகிதத்தில் உடம்புச் சூடும் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் இல்லை. வனிலாவை அறியத் தோலும் நேரமும் வேண்டும்.

வனிலா மணத்தின் உயிரான வனிலின், மிக மெதுவாக ஆவியாகிற பொருள். அடித்தவுடன் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் அல்கஹோலும் பேர்கமொட் போன்ற எலுமிச்சை இனத்து மணங்களும்தான். கால் மணித்தியாலத்தில் அவை அடங்கும். பிறகு பூ மணமோ கறுவா, ஏலம் போன்ற சரக்கு மணமோ இரண்டு மூன்று மணித்தியாலம் நிற்கும். வனிலா முழுதாக முன்னுக்கு வருவது அதற்கும் பிறகு. துணியில் என்றால் மறுநாளும் கிடக்கும். ஆகவே முழங்கையின் உட்புறத்தில் ஒரே ஒரு தரம் அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே போங்கள். காலி வீதியில் கொஞ்சத் தூரம் நடந்து, வியர்த்து, நாலு மணித்தியாலம் கழித்து மணந்து பாருங்கள். அப்போதும் பிடித்தால் வாங்கலாம்.

பெரும் பிழை நடப்பது அளவில்தான். குளிர் நாட்டுக்காரர் ஐந்தாறு தரம் அடிப்பதைப் பார்த்து இங்கேயும் அப்படியே அடிக்கிறார்கள். 30 பாகைச் சூட்டிலும் புழுக்கத்திலும், மணச்சத்துக் கூடின ‘ஓ டி பார்ஃபம்’ (Eau de Parfum) வகை இரண்டு தரம் தாராளம். ஏசி அறைக்குள் தோல் குளிர, மணமும் தணியும். போய்விட்டதென்று நினைத்து மத்தியானம் திரும்ப அடிப்பார்கள். மாலையில் பஸ் நெரிசலில் உடம்பு சூடேறும்போது காலையில் அடித்ததும் மத்தியானம் அடித்ததும் சேர்ந்து கிளம்பும். பக்கத்தில் நிற்கிறவருக்கு மூச்சு முட்டும். அதோடு, இடைவிடாமல் வருகிற மணத்தை நம் மூக்கு அரை மணித்தியாலத்துக்குள் பழகி விட்டுவிடும். உங்களுக்கு மணக்காததால் மணம் தீர்ந்துவிட்டதென்று ஆகாது. திரும்ப அடிக்க முன் வீட்டிலோ வேலையிடத்திலோ ஒருவரைக் கேளுங்கள். தோல் வறண்டு, உண்மையாகவே மணம் நிற்காவிட்டால், முதலில் மணமில்லாத லோஷன் கொஞ்சம் பூசி, அதன்மேல் அடியுங்கள்.

‘செயற்கை வனிலா’ என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. வனிலினைச் செயற்கையாக உண்டாக்கியது 1874 இல். அதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வீரியமான எத்தில் வனிலின்தான் 1925 இல் வந்த, கெர்லெய்ன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஷாலிமார் பெர்ஃபியூமுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

வெள்ளைச் சேர்ட்டின் கொலரில் பிளேன்ரீ ஊற்றினதுபோல மங்கலான கறை தெரிகிறதா? வனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகிற பொருள். தோலில் அடித்து, ஐந்து நிமிடம் காய விட்டு, பிறகு உடுங்கள். வெள்ளைச் சேலையிலோ பள்ளிச் சீருடையிலோ நேராக அடிக்கவே வேண்டாம். போத்தலுக்குள் திரவம் கறுத்து வருவதும் இதனால்தான். மணம் புளிக்காத வரை பாவிக்கலாம். ஜன்னலோரமும் வெயிலில் நிறுத்தின காரும் போத்தலுக்கு ஆகாது, அலுமாரிக்குள் வையுங்கள்.

கழுத்தில் அடித்துக்கொண்டு வெயிலில் போகிறவர்கள் கவனம். பதப்படுத்தாத பேர்கமொட் எண்ணெய் அதிகம் சேர்ந்திருந்தால், திரவம் வழிந்த தடத்திலேயே கருமை படியும், மறைய மாதக்கணக்காகும். பகலில் உடுப்பு மூடுகிற இடமே நல்லது. பெரு பல்சம் என்ற மரப்பிசினுக்கு ஒவ்வாமை உள்ள சிலருக்கு வனிலாவும் ஒத்துக்கொள்ளாது. புதுப் போத்தலை முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் சிறிய ஒரே இடத்தில் நாளுக்கு இரண்டு தரமாக ஒரு வாரம் பூசிப் பாருங்கள். கடியோ சிவப்போ வந்தால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, நிறுத்திவிடுங்கள். அது ஆறாவிட்டால் தோல் வைத்தியரிடம் போகும்போது பெர்ஃபியூம் வந்த மட்டைப் பெட்டியையும் கொண்டுபோங்கள். சேர்மானப் பட்டியல் அதில்தான் அச்சிட்டிருக்கும்.