சொத்து வரிச் சீட்டில் முதலில் சதுர அடியைப் பாருங்கள்

ஏப்ரலும் அக்டோபரும் வந்துவிட்டால் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் சொத்து வரிச் சீட்டோடுதான் வருகிறார்கள். "சார், இது அநியாயம், இவ்வளவா ஏத்துவாங்க" என்பார்கள். சரி, உங்கள் வீட்டுக்கு எத்தனை சதுர அடி போட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. தொகையை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்து வைத்திருப்பார்கள்.

சென்னைக்கு வெளியே ஒரு மாநகராட்சி, பெயர் வேண்டாம். ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். பதிவேட்டில் அவர் வீடு 1,260 சதுர அடி. பழைய ரசீதுகளைப் புரட்டினால் பின்பக்கம் 140 சதுர அடியில் ஓட்டுக் கொட்டகை ஒன்று இருந்திருக்கிறது. அதை இடித்துப் பத்து வருடமாகிறது, அந்த இடத்தில் முருங்கை மரம் நிற்கிறது, ஆனால் அவர் இன்னும் கொட்டகைக்கு வரி கட்டிக்கொண்டிருக்கிறார். இடித்ததை மாநகராட்சி அலுவலகத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பில் கலெக்டரும் வாசலோடு திரும்பிவிட்டார்.

140 சதுர அடி என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். 2022 ஏப்ரலில் தமிழக அரசு வரியை உயர்த்தியபோது எல்லோருக்கும் ஒரே சதவீதம் வைக்கவில்லை. சென்னையின் பழைய பகுதி தவிர மற்ற இடங்களில், குடியிருப்பு 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. இவர் 1,120இல் இருந்திருந்தால் 50 சதவீதத்தில் நின்றிருப்பார், கொட்டகை அவரை 75க்குத் தள்ளிவிட்டது. கணக்கு எளிதாக இருக்கட்டும், பழைய வரி சதுர அடிக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,680 கட்ட வேண்டியவர் 2,205 கட்டுகிறார், அதுவும் ஒவ்வொரு அரையாண்டும்.

இதேபோல் அடிக்கடி பார்ப்பது, கீழே ஒரு சின்னக் கடை, மேலே குடும்பம், ஆனால் மொத்தக் கட்டடமும் வணிகம் என்று ஏறியிருக்கும். இல்லையென்றால் வீடு கட்டி வரி வந்த பிறகும் காலிமனை வரி எண் தனியாக உயிரோடிருந்து நிலுவை சேர்ந்துகொண்டே போகும்.

வரி ஏன் இப்படி ஒரேயடியாக ஏறியது என்பதற்கும் காரணம் இருக்கிறது. சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வு, அதாவது எல்லோருடைய வரியையும் மொத்தமாகத் திருத்துவது, நிலைக்கவில்லை. 2018இல் ஏற்றினார்கள், 2019இல் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும் நேரத்தில் நிறுத்திவைத்தார்கள். (தேர்தலுக்காகவா என்று என்னைக் கேட்காதீர்கள், தேதியைப் பாருங்கள்.) அப்புறம் மத்திய அரசின் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து மாநில வளர்ச்சிக்கேற்ப வசூலையும் கூட்டினால்தான் நகரங்களுக்கு மானியம் என்றது. இத்தனை வருடம் ஏற்றாமல் விட்டது எல்லாம் சேர்ந்து தலையில் விழுந்தது. சென்னையில் 2024இல் மேலும் 6 சதவீதம் ஏறியது. வருடா வருடம் கொஞ்சமாக ஏற்றுவது மேல் என்பது என் கட்சி, என் வாடிக்கையாளர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

நகராட்சியையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. ஜிஎஸ்டி எல்லாம் மேலே போய்விட்டுத் திரும்பி வரும் பங்குதான். தொழில் வரிக்கு அரசியல் சட்டத்திலேயே ஆளுக்கு வருடம் 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு, 1988இல் வைத்தது இன்னும் மாறவில்லை. தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் சொந்தமாக வசூலிக்கிற பெரிய பணம் சொத்து வரிதான். அதோடு 10 சதவீதம் நூலக வரி என்று தனியாக வாங்கி நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் பேட்டைக் கிளை நூலகத்தில் நாற்காலி உடைந்திருந்தால், அதற்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறீர்கள்.

ஊக்கத்தொகையை விடாதீர்கள். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் தனி வட்டி. ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நான் ஒரு அக்டோபரில் என் வீட்டு வரியை மறந்தேன், வீட்டம்மா இன்றுவரை மறக்கவில்லை.

கொட்டகைக்காரருக்கு வருவோம். பழைய வரைபடம், இப்போதைய போட்டோ, ஒரு மனு. மூன்று முறை நடந்த பிறகு ஒருவர் டேப்போடு வந்து அளந்தார். கட்டின பணம் கையில் திரும்பவில்லை, அளவு மட்டும் அடுத்த அரையாண்டிலிருந்து 1,120 ஆனது. போன வாரம் ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தார்.