தளமெட்டா ஆட்டம்: "சரியான விளையாட்டு"ன்னு எழுதுறத இனிமேலாவது விடுங்க

"1956 அக்டோபர் 8: டான் லார்சன் உலகத் தொடரில் ஒரு சரியான விளையாட்டை வீசினார்." ஒவ்வொரு அக்டோபரும் "வரலாற்றில் இன்று" பட்டியல்ல பேஸ்பால் பத்தின இந்த வரி வந்துடுது, இங்கிலீஷ்ல பெர்ஃபெக்ட் கேம்ங்குறதத்தான் இப்படி மாத்தியிருக்காங்க (உலகத் தொடர்னா அமெரிக்க பேஸ்பாலோட சாம்பியன்ஷிப்). டிசம்பர் 30 ஆனா பிட்ச்சர் (பந்து வீசுறவர்) சாண்டி கூஃபாக்ஸ் பிறந்தநாளுக்கு இன்னொண்ணு, "நான்கு நோ-ஹிட்டர்கள், அதில் ஒன்று சரியான விளையாட்டு"ன்னு. அத படிக்கிற தமிழ் ஆளுக்கு என்ன தோணும்? மிச்ச மூணும் தப்பான விளையாட்டா, ஏதாவது ஏமாத்து வேலையான்னு தானே தோணும். கூஃபாக்ஸ் 1962லேர்ந்து 1965 வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணா நாலு நோ-ஹிட்டர் போட்ட மனுஷன், அவரோட பிறந்தநாள் குறிப்புல இப்படி ஒரு சந்தேகத்த கெளப்பி விடுறது எவ்ளோ பெரிய அநியாயம்.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடுறேன். பேஸ்பால்ல (அடிபந்தாட்டம்னு சிலர் எழுதுறாங்க, நான் பேஸ்பால்னே எழுதுறேன்) ஒரு டீமுக்கு 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட், ஆக 27 அவுட். எதிர் டீம்லேர்ந்து வர்ற 27 பேட்டரையும் (9 பேர் வரிசை, மூணு சுத்து) வந்த வரிசையிலயே அவுட்டாக்கி, ஒருத்தன் கூட முதல் பேஸுக்கு (பேஸ்னா தளம், பேட்டர் ஓடிப் போய் சேர வேண்டிய எடம்) போய் சேராம ஜெயிச்சு முடிச்சா அதுக்குப் பேர் தான் பெர்ஃபெக்ட் கேம். அடிச்சும் போகக்கூடாது, நாலு பால் வாங்கி வாக்லயும் போகக்கூடாது, பந்து உடம்புல பட்டும் போகக்கூடாது, ஃபீல்டர் சொதப்பியும் (அதுக்குப் பேர் எர்ரர்) போகக்கூடாது. நோ-ஹிட்டர்ங்குறது வேற, அதுல ஹிட் (பந்த அடிச்சு பேஸுக்கு போறது) மட்டும் தான் இருக்கக்கூடாது, வாக்லயோ எர்ரர்லயோ எத்தன பேர் பேஸுக்கு போனாலும் பரவால்ல. அமெரிக்க மேஜர் லீக்ல 2 லட்சத்துக்கும் மேல ஆட்டம் நடந்திருக்கு, அதுல பெர்ஃபெக்ட் கேம் 2023 ஜூன் 28ல டொமிங்கோ ஹெர்மான் போட்டதோட சேத்து 24 தான்.

சொல்லோட பூர்வீகம் சின்ன கதை. லத்தீன்ல "பெர்" முழுக்க, "ஃபாசெரே" செய்யிறது, ரெண்டும் சேந்து முழுக்க செஞ்சு முடிச்சது. அதாவது "சரி", "தப்பு" எதுவுமே அந்த சொல்லுக்குள்ள கிடையாது. பேஸ்பால்ல முதல் ரெண்டும் 1880 ஜூன்ல 5 நாள் இடைவெளியில வந்துது, 12ஆம் தேதி லீ ரிச்மண்ட், 17ஆம் தேதி ஜான் மாண்ட்கோமரி வார்ட். அப்ப அதுக்கு இந்த பேரு நெலைக்கல. 1908 அக்டோபர் 2ஆம் தேதி க்ளீவ்லண்டோட ஆடி ஜாஸ் வெறும் 74 பந்துல சிகாகோவ முடிச்சாரு, அந்தப் பக்கம் எட் வால்ஷ் 15 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டர அவுட்டாக்குறது) எடுத்தும் 1-0ல தோத்தாரு, அந்த ஆட்டத்த பத்தி எழுதின சிகாகோ பத்திரிகைக்காரர் தான் "பெர்ஃபெக்ட்"ங்குற சொல்ல இதுக்கு போட்டாருன்னு சொல்வாங்க. சட்டமா வரையறை எழுதினது 1991ல, ஃபே வின்சென்ட் கமிஷனரா இருந்தப்ப.

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். "சரியான விளையாட்டு" ரெண்டு சொல்லுலயும் தப்பு. விளையாட்டுன்னா பேஸ்பாலே ஒரு விளையாட்டு, கபடி ஒரு விளையாட்டு. ஒரு நாள் மைதானத்துல நடக்குறது ஆட்டம், இல்ல போட்டி. இந்த வித்தியாசம் நம்ம மொழியில தெளிவா இருக்கு, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லுங்குறதுக்காக நாம ஏன் கலக்கணும்? "சரியான"ங்குறது அதவிட மோசம். பேச்சுல "சரியான ஆளுப்பா", "சரியான அடி"ன்னா செம்மன்னு அர்த்தம், எழுத்துல "சரியான விடை"ன்னா பிழையில்லாததுன்னு அர்த்தம், எப்படி எடுத்தாலும் 27க்கு 27ங்குற கணக்கு அதுல வரவே வராது. அப்புறம் "வீசினார்". பந்த வீசலாம், ஆட்டத்த எப்படிங்க வீசுறது? இங்கிலீஷ்லயே "ஆட்டத்த வீசுறது"ன்னு தனியா சொன்னா காசு வாங்கிட்டு வேணும்னே தோக்குறதுன்னு ஒரு அர்த்தம் உண்டு, அத அப்படியே தூக்கிட்டு வந்து நம்ம வாக்கியத்துல வைக்கிறாங்க.

"கச்சிதமான ஆட்டம்"னும் சிலர் எழுதுறாங்க. கச்சிதம் அழகான சொல், ஆனா கிரிக்கெட்ல யாராவது 40 ரன் நல்லா அடிச்சாலே "கச்சிதமான ஆட்டம்"னு போட்டுடுறோம், அது பாராட்டு, பதிவேட்டுல ஏறுற பேரு இல்ல.

நான் நெசமாவே சண்டை போட விரும்புறது "பிழையற்ற ஆட்டம்"ங்குறதோட தான். ஏன்னா இத எழுதுறவங்க யோசிச்சு எழுதுறாங்க, தமிழ் மேல அக்கறையோட எழுதுறாங்க, "வழுவிலா ஆட்டம்"னு இன்னும் செந்தமிழா போறவங்களும் இருக்காங்க. காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா பேஸ்பால்ல பிழைன்னா எர்ரர், அது ஸ்கோர்போர்டுலயே ரன், ஹிட், எர்ரர்னு மூணாவதா நிக்கிற தனி கணக்கு. ஒரு டீம் எர்ரரே இல்லாம ஆடி 10 ரன் விட்டுக்குடுத்து தோக்கலாம், அதுவும் பிழையற்ற ஆட்டம் தான், வாரத்துக்கு எத்தனையோ நடக்குது. அத விடுங்க, தலைகீழாவும் நடக்கலாம்: பேட்டர் மேல தூக்கி அடிச்ச ஃபவுல் பந்த (கோட்டுக்கு வெளிய போறது) ஃபீல்டர் கைல வாங்கி கீழ விட்டா அது எர்ரர்னு பதிவாகலாம், ஆனா பேட்டர் பேஸுக்கு போகல, திரும்ப வந்து நிக்கிறான், அடுத்த பந்துல அவுட்டும் ஆகலாம். சட்டப்படி பெர்ஃபெக்ட் கேம் கெடாது. ஆக பிழை உள்ள பெர்ஃபெக்ட் கேம் ஒண்ணு வர்றதுக்கு சட்டத்துல எடம் இருக்கு, அன்னிக்கு "பிழையற்ற ஆட்டத்துல ஒரு பிழை"ன்னு தலைப்பு போடுவீங்களா?

அதுக்கு அவங்க சொல்ற பதில் எனக்குத் தெரியும், "க்ளேட்டன் கெர்ஷா ஆட்டத்த பாருங்க"ம்பாங்க. 2014 ஜூன் 18, கொலராடோவுக்கு எதிரா கெர்ஷா 15 ஸ்ட்ரைக்அவுட், ஒரு வாக் கூட குடுக்கல, ஏழாவது இன்னிங்ஸ்ல ஷார்ட்ஸ்டாப்ங்குற எடத்துல நின்ன ஃபீல்டர் ஹான்லி ராமிரெஸ் தப்பா எறிஞ்ச ஒரே ஒரு எர்ரர்னால பெர்ஃபெக்ட் போச்சு, வெறும் நோ-ஹிட்டரா நின்னுது. அப்ப பிழை தானே கெடுத்துதுன்னு கேப்பாங்க. இல்லைங்க. பிழை கெடுக்கல, பிழையால ஒருத்தன் முதல் பேஸுக்கு போனது தான் கெடுத்துது. அதே எர்ரர் ஒரு ஃபவுல் பந்துல நடந்திருந்தா கெர்ஷா பேரு அந்த பட்டியல்ல இருந்திருக்கும். கெடுக்குற விஷயம் எதுவோ அது தான் பேருல இருக்கணும்.

இன்னொரு ஆட்டம் இருக்கு, அத நெனச்சா எனக்கு இப்பவும் மனசு கேக்காது. 2010 ஜூன் 2, டெட்ராய்ட்ல அர்மாண்டோ கலராகா. 26 பேர் அவுட். 27ஆவது ஆள் ஜேசன் டொனால்ட் தரையோட அடிச்சான், மிகேல் கப்ரெரா எடுத்து எறிய, கலராகாவே ஓடிப்போய் முதல் பேஸ்ல பந்த புடிச்சாரு. ஆள் அவுட், ரீப்ளே பாத்த எல்லாருக்கும் தெரிஞ்சுது. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப்னு (அவுட் இல்லன்னு) கைய விரிச்சுட்டாரு. கலராகா கத்தல, சிரிச்சாரு, போய் அடுத்த ஆள அவுட்டாக்கினாரு. ஜாய்ஸ் வீடியோ பாத்துட்டு அன்னிக்கே தன்னோட தப்புன்னு ஒத்துக்கிட்டாரு, மறுநாள் கலராகா தான் டீம் லிஸ்ட்ட அவர்கிட்ட கொண்டுபோய் குடுத்தாரு, ஜாய்ஸ் கண்ண தொடச்சுக்கிட்டே வாங்கினாரு. லீக் தீர்ப்ப மாத்தல. இப்ப சொல்லுங்க, கலராகா பந்துவீச்சுல என்ன பிழை? ஒண்ணும் இல்ல. பிழை பண்ணது அம்பயர். "சரியான", "பிழையற்ற"ன்னு எதப் போட்டாலும் இந்த ஆட்டம் ஏன் அந்த 24ல இல்லங்குறத விளக்க முடியாது. விளக்கம் ஒண்ணே ஒண்ணு தான், பதிவேட்டுல ஒரு பேட்டர் தளத்துக்கு போனதா எழுதியிருக்கு.

சரி, "முழுமையான ஆட்டம்"? லத்தீன் மூலத்துக்கு கிட்டத்துல இருக்கு, ஜப்பான்காரங்களும் அப்படித்தான் வச்சிருக்காங்க, கன்ஸென் ஜியாய்ன்னு, கன்ஸென்னா முழுமை. ஆனா பேஸ்பால்ல கம்ப்ளீட் கேம்னு இன்னொரு கணக்கு இருக்கு, ஆரம்பிச்ச பிட்ச்சரே மாத்தாம கடைசி வரைக்கும் வீசினா அது. 7 ரன் விட்டாலும் அது கம்ப்ளீட் கேம் தான். ஜப்பான்ல அதுக்கு கன்தோன்னு தனி சொல் இருக்கு, அதனால மோதல, நாம அதுக்கு முழு ஆட்டம்னு தான் சொல்லியாகணும், உடனே முழு ஆட்டமும் முழுமையான ஆட்டமும் முட்டிக்கும். "நிறைவாட்டம்"னா நிறைவு விழா மாதிரி கடைசி ஆட்டம்னு நெனச்சுப்பாங்க. "நிறையாட்டம்" எனக்கு ரொம்ப புடிச்ச சொல், நிறைமதி மாதிரி, ஆனா சத்தமா சொல்லிப் பாருங்க, நிறைய ஆட்டம்னு தான் காதுல விழும்.

நான் சொல்றது "தளமெட்டா ஆட்டம்". யாரும் தளம் எட்டாத ஆட்டம். எட்டாக்கனி, வாடாமல்லி, செல்லாக்காசு, தீராநோய்னு நம்ம வாய்ல தெனமும் பொழங்குற அமைப்பு தான், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே அது. ஒரு "த" போனதுல சொல்லு எவ்ளோ இறுகி நிக்குது பாருங்க. "தளம் தொடா ஆட்டம்"னு வைக்கலாமேன்னா அது தப்பா போகும், ஏன்னா பந்து முன்னாடியே வந்து அவுட் ஆனவனும் ஓடின வேகத்துல பேஸ மிதிச்சுட்டு தான் போவான், தொட்டான் ஆனா எட்டல. எட்டுறதுன்னா போய் சேந்து தனக்குன்னு அந்த எடத்த புடிக்கிறது. விதியும் அதத்தான் சொல்லுது.

பகட்டா இல்லையேன்னு ஒருத்தர் கேட்டாரு. பெர்ஃபெக்ட்ங்குறதுல இருக்குற அந்த புகழ்ச்சி போயிடுதேன்னாரு. போகட்டுங்க. லார்சன் எப்படிப்பட்ட பிட்ச்சர்? 1954ல பால்டிமோருக்கு 3 ஜெயிச்சு 21 தோத்தவர், வாழ்நாள் கணக்கு 81க்கு 91. அதே 1956 உலகத் தொடர்ல ரெண்டாவது ஆட்டத்துல ரெண்டாவது இன்னிங்ஸ் தாண்டல, தூக்கிட்டாங்க. மூணு நாள் கழிச்சு அஞ்சாவது ஆட்டம், யாங்கீ ஸ்டேடியம், ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ். ஜாக்கி ராபின்சன் அடிச்ச பந்து மூணாவது பேஸ்ல நின்ன ஆண்டி கேரி க்ளவ்ல பட்டு தெறிச்சு மெக்டூகல்ட் கைக்கு போச்சு, அவுட். ஹாட்ஜஸ் தூக்கின பந்த மிக்கி மேண்ட்டில் ஓடி ஓடி புடிச்சாரு. 97 பந்து, கடைசில டேல் மிட்செல் ஸ்ட்ரைக், கேட்ச்சர் யோகி பெர்ரா ஓடிவந்து லார்சன் மேல தாவி ஏறிட்டாரு. அது பிட்ச்சர் ஒருத்தரோட குறையில்லாத திறமையா? 9 பேரும் சேந்து ஒருத்தனையும் தளத்துக்கு விடல, அதான் நடந்தது. பேரு நடந்தத சொன்னா போதும், புகழ்ச்சி அந்த 27 அவுட்ல தானா இருக்கு.

இந்த ஒரு சொல்லோட போனா பரவால்ல. பிட்ச்சர் குடம் ஆனத பாத்திருக்கேன், பிட்ச் சுருதி ஆகி "97 சுருதிகள்"னு வந்தத பாத்திருக்கேன், ஸ்ட்ரைக் வேலைநிறுத்தம், வாக் நடைப்பயணம், ஹோம் ரன் வீட்டு ஓட்டம். மெஷின்ல போட்டு எடுத்தத ஒரு தடவ வாய்விட்டு படிச்சிருந்தா கூட தெரிஞ்சிருக்கும். ஆட்டம் தெரியலன்னா தெரிஞ்சவங்கள கேக்கலாம், இல்ல ஹோம் ரன், ஸ்ட்ரைக்னு அப்படியே தமிழ்ல எழுதலாம், அதுல ஒரு குத்தமும் இல்ல, மெய்டன் ஓவர அப்படியே தானே வச்சிருக்கோம். பெர்ஃபெக்ட் கேம்னே எழுதினாலும் எனக்கு சம்மதம். தமிழ்ல சொல்றதா இருந்தா மட்டும் ஆட்டத்த பாத்து சொல்லுங்க, அகராதிய மட்டும் பாத்து சொல்லாதீங்க.

சொல்லு சரியாங்குறதுக்கு ஒரு சோதனை வேணும்னா ஜப்பானோட ரோகி சசாகிய எடுத்துக்கோங்க. 2022 ஏப்ரல் 10, வயசு 20, சிபா லோட்டேக்காக ஓரிக்ஸுக்கு எதிரா 19 ஸ்ட்ரைக்அவுட்டோட தளமெட்டா ஆட்டம், அதுல தொடர்ந்து 13 பேர் ஸ்ட்ரைக்அவுட். ஜப்பான் லீக்ல 1994க்கு அப்புறம் அதான் முதல் தடவ. அடுத்த வாரம் 17ஆம் தேதி நிப்பான் ஹாமுக்கு எதிரா 8 இன்னிங்ஸ், 24 பேர், திரும்பவும் ஒருத்தனும் போகல. ஆனா அவரோட டீமும் ரன் எடுக்கல, 0-0, கோச் அவர வெளிய எடுத்துட்டாரு, பத்தாவது இன்னிங்ஸ்ல லோட்டே 1-0ல தோத்துது. இத "சரியான விளையாட்டு" வச்சு எழுத வழியே இல்ல, பிழையற்றன்னும் சொல்ல முடியாது. "சசாகி 8 இன்னிங்ஸ் வரை யாரையும் தளமெட்ட விடவில்லை, ஆனால் தளமெட்டா ஆட்டம் கணக்கில் சேரவில்லை"ன்னு எழுதுங்க, ஏன் சேரலன்னு கேக்குறவங்களுக்கு 9 இன்னிங்ஸ் முடிக்கலங்குற ஒரு வரி போதும்.