தங்கிப் பயிலும் நீர்வண்ண முகாம்: செட்டிநாட்டுக்கு வருமுன் கேட்க வேண்டியவை

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய நகரத்தார் வீடுகள் சில விடுதிகளாகத் திறக்கப்பட்டிருப்பதால், அங்கே சில நாள்கள் தங்கி நீர்வண்ணம் பயிலப் பலரும் விரும்புகிறார்கள். இத்தகைய முகாம்களில் உணர்வை வெளிப்படுத்தும் நீர்வண்ண முறையைக் கற்பிக்கும் என்னிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது, எத்தனை ஓவியங்களை முடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்பதுதான். அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும். முந்தைய நாள் வரைந்து உலர்ந்த தாள்களை மறுநாள் காலை சுவரோரம் வரிசையாக வைத்து, ஆசிரியரோடு அமர்ந்து பார்ப்பதற்கு அந்த முகாமில் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? அந்த நேரம் இல்லாத முகாமுக்குப் பணம் கட்டித் தங்க வேண்டியதில்லை; அங்கே கற்பதை உள்ளூரில் ஒருநாள் வகுப்பிலேயே கற்றுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

உணர்வை வெளிப்படுத்தும் நீர்வண்ணம் என்றதும், வண்ணத்தை அள்ளித் தெளித்து வேகமாக முடிப்பது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இந்த முறையில் விவரங்களைக் குறைத்து, ஒளியையும் அந்த இடம் நமக்குத் தந்த உணர்வையும் முன்னே வைக்கிறோம். வண்ணம் பரவும் வேலையில் ஒரு பகுதியைத் தண்ணீரிடமே விட்டுவிடுகிறோம். எந்தப் பகுதியை விடுவது, எந்த விளிம்பைக் கூர்மையாக நிறுத்துவது, எதைக் கரைய விடுவது, எதை வரையாமலே விடுவது என்பவற்றைத் தாள் நனையுமுன் தீர்மானித்திருக்க வேண்டும். நனைந்த பிறகு யோசிக்கக் கிடைப்பது மிகச் சிறிது நேரம்தான்.

அந்தச் சிறிது நேரத்தைப் படிக்கத் தெரிவதே இக்கலையின் அடிப்படைப் பயிற்சி. நனைத்த தாளில் முதலில் தண்ணீர் தேங்கி நிற்கும். அப்போது இடும் வண்ணம் திசையின்றி ஓடும். சற்று நேரத்தில் தேக்கம் வடிந்து சீரான பளபளப்பு மட்டும் இருக்கும். மேகமும் தூரத்து மரங்களும் மென்மையாகப் பரவ ஏற்ற நிலை அது. பிறகு பளபளப்பு மறைந்து தாள் மங்கலாகும். ஆனால் புறங்கையால் தொட்டால் இன்னும் குளிர்ச்சி தெரியும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. பயில்வோர் ஏமாறும் நிலை இதுதான். தாள் உலர்ந்துவிட்டது என்று நினைத்து நீர் மிகுந்த தூரிகையை வைத்தால், புதிய நீர் அரைஈரத்தில் கிடந்த வண்ணத்துகள்களைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் பூவின் ஓரம்போல் ஒரு கறையை விட்டுவிடும். அதே நிலையில் தண்ணீரை நன்றாக ஒற்றியெடுத்த தூரிகையில் கெட்டியான வண்ணத்தை எடுத்து வைத்தால், அழகான மென்விளிம்பு கிடைக்கும். தூரிகையில் இருக்கும் ஈரம் தாளில் இருக்கும் ஈரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற இந்த ஒரு விதியைக் கை அறிந்துகொண்டால், நீர்வண்ணத்தின் மீதுள்ள அச்சம் பெரிதும் நீங்கிவிடும்.

செட்டிநாட்டின் காற்று இந்தப் பாடத்தை விரைவாகக் கற்பிக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் திறந்த வாசலில் நனைத்த தாள், விளிம்பிலிருந்து உள்நோக்கி உலர்ந்து, நடுப்பகுதியைத் தீட்டி முடிக்குமுன்னே மங்கிவிடும். அதே தாளை வளவு எனப்படும் உள்முற்றத்தின் நிழலான தாழ்வாரத்தில் வைத்தால் நிதானமாக உலரும். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் அதுவே உலர மறுத்துப் பொறுமையைச் சோதிக்கும். ஆகவே வெயில்காலத்தில் தாளின் இருபுறத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டவைத்து வேலை செய்யும்படி சொல்கிறேன். ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 10 பாகையில் இருக்கும் இப்பகுதியில், சித்திரை பிறந்த ஓரிரு நாளிலும் ஆகஸ்ட் மாதக் கடைசி வாரத்திலும் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அப்போது தூண்களின் நிழல் அடியோடு சுருங்கி, உருவங்கள் தட்டையாகத் தெரியும். நண்பகலில் வெளிப்புறக் காட்சி வரையச் சொல்லும் கால அட்டவணை, அதைத் தயாரித்தவர் இந்த ஊரில் அமர்ந்து வரைந்ததில்லை என்பதையே காட்டுகிறது.

இந்த வீடுகளில் கண் பழக வேண்டியது சுவரில் விழும் நிழலுக்குத்தான். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவர் அருகில் உள்ள நிறத்தை வாங்கிக்கொள்ளும். வளவில் இறங்கும் வெயில் தரையில் பதித்த சிவப்பு ஆத்தங்குடிக் கல் மீது பட்டுத் தெறிக்கையில், சுவரின் கீழ்ப்பகுதி நிழல் இளஞ்சிவப்பு ஏறியும், மேலே வானத்தைப் பார்க்கும் பகுதி நீலம் கலந்தும் இருக்கும். முதல் நாள் எல்லோரும் அதற்குச் சாம்பல் நிறத்தையே எடுக்கிறார்கள், ஏனென்றால் வெள்ளைச் சுவரின் நிழல் சாம்பல் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் தாளிலேயே கலக்கவிட்டால், இரண்டும் முழுதாகச் சேராமல் அந்த நிழலின் உயிர்ப்பைத் தரும். அல்ட்ராமரீனின் துகள்கள் தாளின் குழிகளில் படிந்து சொரசொரப்பாகத் தெரிவதால், மழைக்கறை படிந்த பழஞ்சுவருக்கு அது மிகப் பொருத்தம். வெயில் படும் சுவருக்கு வண்ணமே வேண்டாம். தாளின் வெண்மைதான் அங்கே வெயில்.

தாளைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். மரக்கூழால் ஆன மெல்லிய தாள் நனைந்ததும் நெளிந்து, பள்ளங்களில் வண்ணம் தேங்கிவிடும்; மேலே விவரித்த ஈரநிலைகளை அதில் ஒழுங்காகக் காணவே முடியாது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள முழுப் பருத்தித் தாளைப் பயன்படுத்துங்கள். செலவைக் குறைக்க, ஒரு பெரிய தாளை நான்காக வெட்டிக்கொள்ளலாம். விலையுயர்ந்த தூரிகை வாங்கிவிட்டு மலிவான தாளில் பயின்று, தனக்குத் திறமை இல்லை என்று முடிவு செய்துகொண்டவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். தாள் வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடாமல் தடுக்கும் பசைப்பூச்சு ஈரப்பதத்தில் கெட்டுவிடும் என்பதால், வாங்கிய தாளைக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள்.

வண்ணக் குழாயில் பெயரைவிட நிறமிக் குறியீட்டைப் பார்ப்பது நல்லது. அல்ட்ராமரீன் பிபி 29 (PB 29). பழைய அலிசரின் கிரிம்சன் என்னும் அடர்சிவப்பு பிஆர் 83 (PR 83). பின்னது வெளிச்சத்தில் மங்கும் தன்மையுடையது என்பதால், சட்டமிட்டு மாட்ட நினைக்கும் ஓவியத்தில் அதைத் தவிர்க்கலாம்.

இனி, தங்கிப் பயில்வது ஏன் என்பதற்கு வருகிறேன். நீர்வண்ணம் உலர்ந்தபின் வெளிறும். மாலையில் சரியாகத் தோன்றிய ஆழமான நிழல் காலையில் பலவீனமாகத் தெரியும். கலங்கிவிட்டது என்று ஒதுக்கிய பகுதி உலர்ந்து தெளிந்திருக்கும். இதைக் கண்ட கையோடு அதே தூணின் முன், அதே வேளையில், மீண்டும் அமர்ந்து வண்ணத்தை எவ்வளவு அடர்த்தியாக எடுக்க வேண்டும் என்று திருத்திக்கொள்ளும் வாய்ப்பு, அந்த வீட்டிலேயே தங்கியிருப்பவருக்குத்தான் உண்டு. ஆகவே நாளொன்றுக்கு ஓர் இடம் என்று கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி எனச் சுற்றிக்காட்டும் முகாமைவிட, ஒரே வளவைத் திரும்பத் திரும்ப வரையவைக்கும் முகாம் மேலானது. கைப்பேசிப் படத்தைப் பார்த்து அறையில் வரைவது இதற்கு ஈடாகாது. கேமரா நிழலைக் கருப்பாக்கும், அல்லது வெயிற்சுவரை வெறும் வெள்ளையாக்கிவிடும். நாம் தேடிவந்த இளஞ்சிவப்பு அதில் இருக்காது.

இறுதியாக, உடல்நலமும் ஊர்நலமும். தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். காட்மியம், கோபால்ட் சேர்ந்த வண்ணங்கள் உட்கொள்ளத் தக்கவை அல்ல. உணவுத் தட்டையும் வண்ணத் தட்டையும் ஒரே மேசையில் வைக்கக் கூடாது. விடுதியாக இல்லாத வீடுகள் குடும்பங்களுக்குச் சொந்தமானவை. பூட்டியிருந்தாலும் அனுமதி கேட்காமல் திண்ணையில் ஏறி அமர்வது முறையல்ல. தூரிகை கழுவிய நீரை ஊருணியிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், வாளியில் ஓரிரவு தெளியவிட்டு, அடியில் படிந்த வண்டலைப் பழைய துணியில் ஒற்றியெடுத்துக் குப்பையோடு சேர்க்க வேண்டும். முகாமில் அதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பதையும் முன்பணம் கட்டுமுன்னே கேட்டுக்கொள்ளலாம்.