பிராட்சைடு: போர்க்கப்பலின் பலம் விலாப்பக்கத்தில்

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில், சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே சுமார் 3 கி.மீ. தொலைவில் வந்து நின்றது ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்தான் குறி. ஏறக்குறைய 130 குண்டுகள் வீசியது. இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது.

எம்டனில் 10.5 செ.மீ. பீரங்கிகள் மொத்தம் பத்து. முன்னால் அருகருகே இரண்டு, பின்னால் அருகருகே இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. ஆனால் ஒரு பக்கமாகச் சேர்ந்து சுடக்கூடியவை ஐந்துதான். மற்ற ஐந்தையும் கப்பலின் உடம்பே மறைத்துவிடும். இப்படி ஒரு பக்கத்துப் பீரங்கிகள் சேர்ந்து சுடுவதற்குக் கடற்படையில் பெயர் பிராட்சைடு. நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் கப்பலின் பக்கவாட்டையே முதலில் இந்தச் சொல் குறித்தது. பிறகு அங்கே வரிசையாக நின்ற பீரங்கிகளுக்கும், அவற்றின் வீச்சுக்கும் அதே பெயர் வந்தது.

கப்பல் நீளமானது, ஒடுக்கமானது. முன்முனையில் இரண்டொரு பீரங்கிக்குத்தான் இடம். பக்கவாட்டில் எத்தனையோ வைக்கலாம். 1805 டிராஃபால்கர் கடற்போரில் இருந்த பிரிட்டிஷ் கப்பல் விக்டரியின் 104 பீரங்கிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் மூன்று தளங்களில் பிரிந்து நின்றன. எல்லாவற்றையும் ஒரே நொடியில் வெடித்தால் பின்னுதைப்பு மரச்சட்டங்களை உலுக்கும். அதனால் முன்முனையிலிருந்து ஒவ்வொன்றாக, இலக்கு நேரே வரும்போது சுடுவதும் வழக்கம். கப்பல் அலையில் ஆடும்போது மேலேறும் கணத்தில் சுட்டால் எதிரியின் பாய்மரத்தில் படும்; கீழிறங்கும் கணத்தில் சுட்டால் உடற்பகுதியில் படும். பீரங்கி முனையை நீட்டப் பக்கவாட்டில் வெட்டிய சாளரங்களால் ஆபத்தும் உண்டு: 1628இல் ஸ்வீடனின் வாசா, முதல் பயணத்திலேயே காற்றில் சாய்ந்து, திறந்திருந்த கீழ்த்தளச் சாளரங்கள் வழியே நீர் புகுந்து மூழ்கியது.

ஒரு பக்கத்துப் பீரங்கிகள் ஒருமுறை வீசும் குண்டுகளின் மொத்த எடையையும் பிராட்சைடு என்ற கணக்கில்தான் சொல்வார்கள். இரண்டு கப்பல்களை ஒப்பிட இதைவிடச் சுருக்கமான அளவு கிடையாது. எம்டனின் குண்டு சுமார் 17 கிலோ. ஐந்துக்கு 85 கிலோ சொச்சம். 1914 நவம்பர் 9 அன்று கோக்கோஸ் தீவுகளருகே அதை எதிர்கொண்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியின் குண்டு 45 கிலோ. அதற்கும் பக்கத்துக்கு ஐந்து என்பதால் 225 கிலோ. முதலில் சரியாக அடித்தது எம்டன்தான், இலக்கின் தூரத்தை அளக்கும் சிட்னியின் தொலைவுமானிகூடச் சேதமானது. ஆனாலும் எடை வித்தியாசம் பேசியது. சிதைந்த எம்டனை அதன் தளபதி ஃபான் முல்லர் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார்.

பாய்மரப் போர்க்கப்பல்களின் காலம் முடிந்தபின் சுழலும் பீரங்கிக் கூண்டுகளைக் கப்பலின் நடுக்கோட்டில் வரிசையாக வைத்தார்கள். அதன்பின் எல்லாப் பீரங்கியும் இடமோ வலமோ எந்தப் பக்கமும் சுடலாம் என்றாயிற்று. ஏவுகணை வந்ததும் கப்பலைத் திருப்ப வேண்டிய அவசியமே குறைந்துவிட்டது.

பீரங்கி இல்லாத படகுக்கும் இந்தச் சொல் பொருந்தும். சென்னைக் காசிமேட்டிலிருந்து மீன்பிடிக்கப் போகும் லாஞ்சின் இன்ஜின் நடுக்கடலில் நின்றுபோனால், அது மெல்லத் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும். அதுவும் பிராட்சைடு நிலைதான். படகு ஒருமுறை ஆடி நிமிரும் நேரமும் அலை வரும் இடைவெளியும் ஒன்றாகிவிட்டால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். தளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதுவும் சாயும் பக்கமே ஓடி, கவிழ்க்கப் பார்க்கும். அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, நீளமான கயிற்றில், நீரைப் பிடித்து இழுக்கும் கனமான எதையாவது கட்டி இறக்கினால், படகு மறுபடி அலைக்கு முகம் கொடுக்கும்.